சோழி

தாயமாடும்போது நாம் கையில் குலுக்கி எறியும் சோழியை அறியாதார் நம்முள் இலர். ஆயினும், அஃது ஓர் உயிர் தனக்கெனக் கட்டிய வீடு என்பதை நினைப்பார் சிலரே. பலகறை என்றும் கவடி என்றும் வழங்கும் இதனுள் வாழ்ந்த நத்தையின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்து அறிஞர் இதற்கு 'மொனேட்டா' எனப் பெயரிட்டார். இலத்தீனில் அச்சொல் நாணயத்தைக் குறிக்கும். ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை முதல் பசிபிக் தீவுகள் வரையுள்ள வெப்பக் கடல்களில், ஆழங்குறைந்த பவழப் பாறைகளிடையே இது வசிக்கின்றது. நீளம் பெரும்பாலும் 2 அல்லது 3 சென்டிமீட்டரே. பகலிற் கற்களின்கீழ் ஒடுங்கிக் கிடந்து, இரவில் வெளிப்போந்து பாசியை மேயும்.

இளமையில் இதன் ஓடு மெல்லியது. மற்றை நத்தைகளின் ஓடுபோலச் சுருண்டிருக்கும். முதிர்ந்தபின் வாயின் விளிம்பு உள்மடிந்து தடித்து, பற்கள் தோன்றும். அதன்பின் ஓடு நீள்வதில்லை. இனி, அதன் பளபளப்புக்குக் காரணம் யாது? போர்வை போன்ற மெல்லிய சதை இருபுறமும் மேலேறி ஓட்டை மூடுகின்றது. புதிய சுண்ணப்பூச்சை இடுவதும், அழுக்குப் படியாமற் காப்பதும் அதுவே.

சிறியது, உறுதியானது, போலி செய்தற்கரியது; ஆதலின் மக்கள் இதனை நாணயமாகக் கொண்டனர். பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவுக்குச் சென்ற இபின் பதூதா, அத்தீவினர் சோழியைக் கொடுத்து வங்காளத்து அரிசியைப் பெற்றதை எழுதியுள்ளார். வங்காளத்தில் 4 சோழி ஒரு கண்டா. 20 கண்டா ஒரு பண். 16 பண், அதாவது 1,280 சோழி, ஒரு காகன்.

இவ்வளவில் வரலாறு இனிதே. ஆனால், ஐரோப்பிய வணிகர் இச்சோழிகளை மரக்கலங்களில் ஏற்றி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், அவற்றை விலையாகக் கொடுத்து மனிதரை அடிமைகளாக வாங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான்சிபாரிலிருந்து வேறோர் இனச் சோழி அங்கே மிகுதியாக வந்து குவியவே, சோழி நாணயத்தின் விலை வீழ்ந்தது.

ஓடு அன்றும் இன்றும் ஒன்றே. மாறியது மக்களின் உடன்பாடு மட்டுமே. பொருளுக்கு நாம் இடும் விலை நிலையற்றது. அவ்விலையை மனிதனுக்கும் இடத் துணிந்த காலம் ஒன்று இருந்தது என்பதை, அடுத்த முறை சோழியைக் கையிலெடுக்கும்போது நாம் நினைவு கூர்வோமாக.