வீட்டிலேயே ஒரு மரவைஸ்

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடியை இழைத்துச் சீர்செய்கிறவர்களுக்கு மூன்றாவது கை ஒன்று தேவை. அதற்குக் கடையில் வைஸ் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை.

பழைய இரும்புக் கடையில், தட்டும் புரித்தண்டும் நட்டும் உள்ள சென்ட்ரிங் ஜாக்கி ஒன்று எடுங்கள். நட்டை முழுக்க ஓட்டிப் பாருங்கள்; புரி தேய்ந்திருந்தால் வேண்டாம். மேசைக் காலில் தண்டு தாராளமாக நுழையும் துளை போட்டு, பின்புறம் நட்டைத் திரும்பாதபடி இறுக்குங்கள். முன்தாடைக்கு 2 அங்குலக் கனத்தில் வேம்போ வாகையோ போதும், தேக்கு வீண்செலவு. அதிலும் துளையிட்டு, ஜாக்கியின் தட்டு வெளிப்பக்கம் வரும்படி தண்டைச் செருகினால் தட்டே பலகையை அழுத்தும். தட்டில் கைப்பிடிக் கம்பியை வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடுவது கீழ்ப்பகுதியில்தான். மேலே இறுக்க இறுக்கத் தாடையின் அடி உள்ளே சாயும், பிடி நழுவும். மேலே பிடிக்கிற மரத்தின் கனத்திலேயே ஒரு துண்டுக் கட்டையை அடியில் செருகுங்கள். தாடை நேராக நிற்கும். வாய்ப்பகுதியில் பழைய சைக்கிள் டியூபை ஒட்டினால் மரத்தில் தழும்பு விழாது. புரிக்கு கிரீஸ் தடவுங்கள். கைப்பிடியைச் சுத்தியலால் தட்டி இறுக்காதீர்கள், வெல்டிங் விட்டுவிடும்.