உப்பும் மூச்சும்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் வாழும் நமக்கு உப்பின் குணத்தைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. உரித்த தோலை அப்படியே போட்டுவைத்தால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். ஆகவே அதன்மேல் உப்பைத் தூவி அடுக்குகின்றனர். உப்பு தோலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது; நீரின்றிக் கிருமிகள் பெருக முடிவதில்லை. அதே உப்பு கழிவுநீரோடு கலந்து பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996ஆம் ஆண்டில் தீர்ப்பானதும் நம் பெற்றோர் அறிந்தவையே. இத்தனை பழியைச் சுமக்கும் உப்பு, நெஞ்சில் சளி கட்டித் திணறுவோருக்கு மருந்தாகவும் உதவுகிறது என்று படித்தபோது நாங்கள் வியந்தோம்.

நம் மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அவை ஓயாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. நீர்ப்பசை இருக்கும் வரையில்தான் இவ்வேலை நடக்கும். காசநோய் வந்து ஆறிய சிலருக்கு மூச்சுக்குழாய்கள் விரிந்து தளர்ந்துவிடுகின்றன. சளி அங்கே குட்டைநீர்போல் தேங்குகிறது. விறகடுப்பின் புகையைப் பல்லாண்டுகள் சுவாசித்த தாய்மாருக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் வருகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோயிலோ சளி பசைபோல் இறுகிவிடும். அக்குழந்தைகளின் வியர்வையிலும் உப்பு மிகுந்திருக்கும். ஒரு காலத்தில் இந்நோய் இந்தியருக்கு வராது என்றே எண்ணியிருந்தனர். இன்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம் நாட்டுக் குழந்தைகள் இதற்குச் சிகிச்சை பெறுகின்றனர்.

கடலில் அலைச்சறுக்கு விளையாடிய ஆஸ்திரேலிய நோயாளிகள் சிலர் மற்றவர்களைவிட எளிதாக மூச்சுவிடுவதை அந்நாட்டு மருத்துவர்கள் கவனித்தனர். பிறகு 164 நோயாளிகளைக் கொண்டு 48 வாரங்கள் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பகுதியினர் 7 சதவீத உப்புநீர் 4 மில்லிலிட்டரை நாளுக்கு இருமுறை நெபுலைசர் வழியே ஆவிப்புகைபோல் இழுத்தனர். மற்றவர்கள் இழுத்தது, நம் இரத்தத்தின் உப்பளவுக்கு ஒத்த 0.9 சதவீத நீர். 2006ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. செறிந்த உப்புநீர் எடுத்தவர்களுக்கு நோய் திடீரென முற்றுவது மற்றவர்களுக்கு நேர்ந்ததில் பாதிக்கும் குறைவு. தோலில் நடந்த அதே சவ்வூடு பரவல்தான் இங்கும் நடக்கிறது. உப்பு மூச்சுக்குழாயின் சுவரிலிருந்து நீரை உள்மேற்பரப்புக்கு இழுக்க, இறுகிய சளி இளகுகிறது.

ஆயினும் முறை தவறினால் மருந்தும் துன்பமே. எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டிக்கு மருத்துவர் 3 சதவீத உப்புநீர் எழுதிக் கொடுத்திருந்தார். அதை முதலில் இழுத்ததும் அவருக்கு நெஞ்சு இறுகிவிட்டது. “உப்புத் தண்ணி எனக்கு ஒத்துக்கலை” என்று இயந்திரத்தையே மூடிவைத்துவிட்டார். செறிந்த உப்புநீர் பட்டால் சிலருடைய மூச்சுக்குழாய்கள் சுருங்கும். அதனால்தான் முதலில் சால்பூட்டமால் இன்ஹேலரை இழுத்துக் குழாய்களை விரித்துக்கொள்ள வேண்டும். கால் மணி நேரம் கழித்து உப்புநீர். பிறகு, கண்ணாடியைத் துடைக்குமுன் வாயைத் திறந்து ‘ஹா’ என்று ஊதுவோமே, அதுபோல் ஊதிச் சளியை மேலே கொண்டுவந்து துப்ப வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் இருந்தால் அது கடைசியில். இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லையேல் வாயில் பூஞ்சை படரும். அடுப்படி உப்பைக் கரைத்து ஊற்றுவது கூடவே கூடாது; கிருமி நீக்கிய நீரே வேண்டும். நெபுலைசர்க் கிண்ணத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்த வேண்டும்.

பாட்டி இன்ஹேலரை ஒதுக்கியதற்குக் காரணம் வேறு. “அது பழகிவிடும், பிறகு விடாது” என்று அக்கம்பக்கத்தார் சொல்லியிருந்தனர். பெண் பார்க்க வருவார்கள் என்று இன்ஹேலரை அரிசிப் பானையில் ஒளித்துவைக்கும் வீடுகளையும் நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். கணக்கைப் பாருங்கள்! சால்பூட்டமால் மாத்திரையில் 4 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. நேரே நுரையீரலுக்குப் போவதால் அவ்வளவே போதுமானதாகிறது. இக்கருவி உருவாகக் காரணமாயிருந்தவளும் எங்களைப்போல் ஒரு சிறுமியே. 1955இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவால் அவதிப்பட்ட 13 வயதுப் பெண், வாசனைத் தெளிப்பான்போல மருந்தும் ஏன் வரக்கூடாது என்று மருந்து நிறுவனத் தலைவரான தன் தந்தையிடம் கேட்டாள். மறு ஆண்டே இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது. மின்வெட்டிலும் அது வேலை செய்யும். மின் இணைப்பில் மட்டும் ஓடும் நெபுலைசரால் அது முடியாது.

சால்பூட்டமால் இன்ஹேலர் ஒன்றில் பொதுவாக 200 அழுத்தல்கள் இருக்கும். மருந்து தீர்ந்த பின்னும் காற்று மட்டும் வந்து ஏமாற்றுவதுண்டு. ஆகவே எண்காட்டி இல்லாதவற்றின் மேல் தொடங்கிய தேதியை எழுதி எண்ணிவர வேண்டும். பாட்டிக்கு எழுதத் தெரியாது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் கோடு போட்டு வருபவள் எங்கள் தோழியே. நாங்கள் பார்த்தபோது அது 63இல் இருந்தது.