லினக்ஸை நம்பலாமா?

கேள்வி: கடைக் கணினியில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். நிரலை யாரும் பார்க்கலாமே, பயமில்லைதானே?
– வாசகர், பழவங்காடி, திருவனந்தபுரம்

பதில்: பார்க்கலாம்தான்; பார்ப்பவர்கள் குறைவு. உங்கள் மாநிலத்துப் பள்ளிகளிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது, நல்ல தேர்வு. ஆனால் ‘எக்ஸ்இசட்’ கதையைக் கேளுங்கள். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருளைச் சம்பளமில்லாமல் ஒருவரே பராமரித்துக் களைத்திருந்தார். உதவ வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் ஒழுங்காக உழைத்து நம்பிக்கை பெற்று, 2024-இல் 5.6.0 பதிப்பில் கள்ளக்கதவு வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆந்திரெஸ் பிராய்ண்ட் விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று அம்பலப்படுத்தினார். அவருக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம்.

இத்தகைய மென்பொருள்களின் பெரும்பாலான உரிமங்களில் ‘உத்தரவாதம் இல்லை’ என்றே எழுதியிருக்கும். ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ட இடத்திலிருந்து மென்பொருள் இறக்காதீர்கள். கணக்குகளுக்குத் தனிப் பிரதி வையுங்கள். முடிந்தால் நீங்கள் பயன்படுத்தும் திட்டத்துக்குச் சிறு நன்கொடையும் அனுப்புங்கள்.