குடற்புழு நீக்கும் மருந்து

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் யான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். அங்கு எட்டாம் வகுப்பில் மெலிந்த உடலும் வெளிறிய முகமும் உடைய மாணவன் ஒருவன் பயின்றான். பாடம் தொடங்கிக் கால்மணி நேரம் கழிவதற்குள் அவன் தலை பலகைமேல் சாய்ந்துவிடும். செய்யுளை ஒப்பிக்கச் சொன்னால் பாதியிலேயே மூச்சு வாங்கும். யான் அவனைச் சோம்பேறி என்று வகுப்பறிய இகழ்ந்தேன், ஒருமுறையன்று, பலமுறை. ஒரு நாள் அவன் விளையாட்டுத் திடலில் மயங்கி விழ, மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். மருத்துவர் அவன் கீழிமையை விலக்கிப் பார்த்தார்; அங்குச் செம்மையே இல்லை. மலத்தை ஆய்ந்தபோது கொக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. “இது சோம்பல் அன்று ஐயா, சோகை” என்றார் அவர். யான் தலைகுனிந்தேன்.

இவ்வாறு பிழைபட எண்ணியவன் யான் ஒருவனே அல்லேன். அமெரிக்க நாட்டின் தென்மாநிலங்களில் வாழ்ந்த ஏழை உழவர்களைப் பிறவிச் சோம்பேறிகள் என்று பலர் பழித்துவந்தனர். அவர்களுட் பலரது குடலில் கொக்கிப்புழு குடிகொண்டிருப்பதை 1902ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். செய்தித்தாள்கள் அப்புழுவிற்குச் ‘சோம்பற் கிருமி’ என்றே பெயரிட்டன.

கொக்கிப்புழுவின் நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவே. அது சிறுகுடற் சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சும். ஒரு புழுவால் ஒரு நாளில் இழக்கும் குருதி ஒரு துளியோ சில துளியோதான். ஆனால், நூற்றுக்கணக்கான புழுக்கள் மாதக்கணக்கில் உறிஞ்சினால் உடலில் இரும்புச் சத்து எங்ஙனம் எஞ்சும்? வளரும் பிள்ளை சோர்கிறான். கற்றது மனத்தில் நிற்பதில்லை.

இப்புழு குடலுக்குள்ளேயே பல்கிப் பெருகுவதில்லை. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணிற் பொரிக்கின்றன. அங்கு வளரும் இளம்புழு, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குருதி வழியே நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே ஏறித் தொண்டையில் விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கிறது. தோல் வழியே புழு நுழையும் என்பதை முதலிற் கண்டவர் கெய்ரோ நகரில் ஆய்வு செய்த ஆர்தர் லூஸ் என்பவர். 1890களில் இளம்புழுக்கள் கலந்த நீர் அவர் கைமேல் தவறிச் சிந்தியது. சிந்திய இடம் சிவந்து அரித்தது. பின்னர் அவர் மலத்திலேயே முட்டைகள் தோன்றின! நாக்குப்பூச்சி எனப்படும் உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் வேறு வழியின. மண் படிந்த கையாலும் கழுவாத காய்கறியாலும் அவற்றின் முட்டைகள் வாய்வழிச் செல்கின்றன.

நம் முன்னோர் வாய்விடங்கத்தையும் வேப்பங்கொழுந்தையும் புழுவிற்கு மருந்தாகக் கொண்டனர். விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவினர். விளக்கெண்ணெய் குடலைக் கழுவுமேயன்றிச் சுவரைக் கவ்விய கொக்கிப்புழுவைக் கொல்லாது. மேனாட்டார் ஒரு பூண்டின் மொட்டிலிருந்து சாண்டோனின் என்னும் மருந்தை எடுத்தனர். அதை உண்டவர்க்குக் காணும் பொருளெல்லாம் மஞ்சளாகத் தோன்றுவதுண்டு. அத்தகைய பழைய மருந்துகள் பலவற்றில், புழுவைக் கொல்லும் அளவிற்கும் ஆளை வருத்தும் அளவிற்கும் இடைவெளி குறுகியது.

அவ்விடைவெளியை அகலச் செய்தது அல்பெண்டசோல். 1970களில் கண்டறியப்பட்ட இது, முதலில் ஆடுமாடுகளுக்கே அளிக்கப்பட்டது. பின்னரே மக்களுக்கு வந்தது. இம்மருந்து புழுவை மயக்கி விரட்டுவதன்று, பட்டினியிடுவது. புழுவின் குடலுயிரணுக்களில் மிக நுண்ணிய குழல்கள் உள்ளன. அவற்றைக் கட்டும் புரதத்தோடு மருந்து ஒட்டிக்கொள்வதால் குழல்கள் உருவாகா. அதனால் புழு குளுக்கோசை ஈர்க்க மாட்டாது. சேமித்த உணவும் தீர, ஆற்றல் இழந்து மடிந்து, சில நாள்களில் மலத்தோடு கழிகிறது. அத்தகைய புரதம் நம் உடலிலும் உண்டு. ஆயினும் இம்மருந்து புழுவின் புரதத்தையே மிகுதியாகப் பற்றும். மேலும், உண்ட மருந்தில் சிறுபகுதியே குருதியிற் கலக்கும். பெரும்பகுதி, வேண்டிய இடமாகிய குடலிலேயே தங்கும்.

குருதியிற் கலக்கும் அச்சிறு பகுதிக்கும் பயன் உண்டு. பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றினுட் சென்றால், இளம்புழு மூளையிற் கட்டியாகத் தங்கி வலிப்பு நோயை உண்டாக்கும். (பன்றியிறைச்சி உண்ணாதார்க்கும் அழுக்கு நீராலும் கழுவாத கீரையாலும் இந்நோய் வரும்.) அந்நோயாளர் கொழுப்புள்ள உணவோடு மருந்தை உண்பர், அப்போது அது குருதியில் மிகுதியாகச் சேரும். கல்லீரலையும் குருதி அணுக்களையும் மருத்துவர் கண்காணித்துவர, நாள் பல தொடரும் மருத்துவம் அது. தாமே வாங்கி உண்ணத் தக்கதன்று.

பள்ளியில் நீங்கள் பெறுவது 400 மில்லிகிராம் கொண்ட ஒற்றை மாத்திரை. 2015ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி 10ஆம் நாள் தேசியக் குடற்புழு நீக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்க்கு மாத்திரை தரப்படுகிறது. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்குப் பாதியே அளவு. “எனக்குப் புழு இல்லையே, யான் ஏன் உண்ண வேண்டும்?” என்று வினவும் மாணவர் உளர். ஒவ்வொருவர் மலத்தையும் ஆய்வதற்கு ஆகும் செலவு மாத்திரையின் விலையினும் மிகுதி. புழு இல்லாதவர்க்கு அம்மாத்திரையால் தீங்கும் அரிது. புழு மிகுந்தவர்க்குச் சிறிது வயிற்றுவலியும் குமட்டலும் தோன்றி மறையும். காய்ச்சல் முதலிய நோய் உள்ளவர் அன்று உண்ணாமல், நலமடைந்தபின் உண்ணலாம். கருவுற்ற முதல் மூன்று திங்களில் மகளிர்க்கு இது கொடுக்கப்படுவதில்லை. மாத்திரையை நன்கு மென்றே விழுங்குதல் வேண்டும். சிறு குழந்தைக்குத் தொண்டையில் அடைக்காதவாறு பொடித்துக் கொடுப்பர்.

சாட்டைப்புழுவிற்கு ஒரு மாத்திரை பெரும்பாலும் போதாது. குடலில் உள்ள புழுவை இம்மருந்து கொல்லுமேயன்றி, நாளை வரும் புழுவைத் தடுக்க மாட்டாது. யான் இகழ்ந்த அம்மாணவன் மாத்திரையும் இரும்புச் சத்தும் உண்டு சில திங்களில் முகம் தெளிந்தான். தலை சாயாமல் பாடம் கேட்டான். ஆனால், மறு ஆண்டு ஆய்ந்தபோது அவனிடம் மீண்டும் முட்டைகள் காணப்பட்டன. அவன் தெருவில் ஒரு வீட்டிலும் கழிப்பறை இல்லை. எல்லாரும் சென்றது வாய்க்காலோரத் தோப்பிற்கே. மருத்துவர் மீண்டும் மாத்திரை கொடுத்தார். யான் அவனுக்கு ஓர் இணை செருப்பு வாங்கிக் கொடுத்தேன்.