நம்பிக்கைகளும் உண்மைகளும்: தாம்பரத்தின் தலைக்கணக்கு

நம்பிக்கை: "தாம்பரத்தில் கூட்டம் தாங்கவில்லை, ஜனங்கள் கணக்கில்லாமல் பிள்ளை பெறுகிறார்கள்."

சாயங்காலம் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் சிக்கியவர் சொல்வது இது. கணக்கு வேறு கதை சொல்கிறது. 2001இல் 1,37,933 பேர் இருந்த தாம்பரம் நகராட்சியில் 2011இல் 1,74,787 பேர். அந்தப் பத்தாண்டில் தமிழ்நாடு 15.6 விழுக்காடு வளர்ந்தது. சென்னை மாவட்டம் வெறும் 7. தாம்பரத்தை அன்று தன்னுள் வைத்திருந்த காஞ்சிபுரம் மாவட்டமோ ஏறக்குறைய 39, மாநிலத்திலேயே முதலிடம். பல்லாவரத்துக்காரர்கள் மயிலாப்பூர்க்காரர்களைவிட ஐந்து மடங்கு பிள்ளை பெற்றார்களா என்ன? மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், ஒரகடம், சிறுசேரி வேலைகளும் நகருக்குள் கட்டுப்படியாகாத வாடகையும் சேர்த்த கூட்டம் இது. பிறப்பைக் கேட்டால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். தலைமுறை ஈடாக 2.1 வேண்டும்.

நம்பிக்கை: "தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள் வந்துவிட்டார்கள். பெண் சிசுப் பிரச்சினை முடிந்தது."

பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதால் மொத்தக் கணக்கு அழகாகத்தான் தெரியும். ஆறு வயது வரையிலான குழந்தைகளை மட்டும் எண்ணினால் 943. அதற்காக ஆயிரத்துக்கு 57 பெண் குழந்தைகளைக் கொன்றுவிட்டோம் என்று மேடையில் முழங்குவதும் பிசகு. இயற்கையிலேயே ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகளே பிறக்கின்றன. ஆனால் கடலூர் மாவட்டத்தில் இந்த எண் 896. இயற்கையின் மேல் பழிபோட அங்கே வழியில்லை.

நம்பிக்கை: "எழுத்தறிவு 80 விழுக்காடு என்றால் அத்தனை பேரும் பள்ளிப் படிப்பு முடித்தவர்கள்."

இல்லை. ஏழு வயது நிரம்பி, ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும். சான்றிதழ் கேட்பதில்லை. இவ்வளவு எளிய அளவுகோலிலும் 2011இல் தமிழ்நாட்டுப் பெண்கள் 73.44 விழுக்காட்டில்தான் நின்றார்கள்.

நம்பிக்கை: "ரேஷன் கார்டு திருநெல்வேலியில் இருக்கிறது. எங்கள் கணக்கு அங்கேதான்."

குடிவந்தவர்களின் ஊரில் இதுதான் பெரிய கேடு. வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் ஆளை எண்ணுவார்கள். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து மாநகராட்சியான தாம்பரத்துக்கு இன்னும் பழைய 2011 எண்களே கைவசம். அடுத்த கணக்கு 2027 மார்ச் 1ஐ வைத்து எடுக்கப்படுகிறது. வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பேர் என்று இருந்தாலும், வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்தையும் சொல்லுங்கள். 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி கணக்கெடுப்புப் பதிவேட்டை வீட்டுக்காரர் பார்க்க முடியாது.