தடுப்பூசியும் தூர வழியும்



பிள்ளைக்கு ஊசி போடாத தாயைக் கண்டால், "அறியாமை" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சரிதானா என்று சற்று ஆராய்வோம்.

2008-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மை ஊசி போடப்பட்ட 4 குழந்தைகள் இறந்துபோயின. அதன்பின் நம் ராஜ்யத்தில், செவிலியர் கிராமத்துக்கே வந்து ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாய்மாரே பிள்ளையைத் தூக்கிப் போகவேண்டியதாயிற்று. உயிர் காக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனால் ஓசூர் டவுன்வாசிக்குப் பத்து நிமிஷ வழியாயிருப்பது, அஞ்செட்டி மலைக் கிராமத்தாளுக்கு ஒரு நாள் கூலி. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உரிய ஊசிகள் யாவும் பெற்ற குழந்தைகள் 2005-06-ல் 100-க்குச் சுமார் 81. 2015-16-ல் சுமார் 70. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் பத்து வருஷத்தில் தாய்மாரின் அறிவு மங்கிவிட்டது என்று எவரும் சொல்லத் துணியார். 2019-21-ல் சுமார் 89 ஆக உயர்ந்தது.

நமது எல்லைப்புறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. செங்கல் சூளை, கல்குவாரி, கட்டிட வேலை என்று பீஹார், ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஆறாம் வார ஊசி அத்திப்பள்ளிப் பக்கம், பத்தாம் வாரம் ஓசூர், பதினாலாம் வாரம் எங்கேயோ! அட்டை தொலைந்தால் திட்டுவார்களோ என்று தாய் அஞ்சுகிறாள். முதல் ஊசிக்குப் பிள்ளைக்கு ஜுரம் கண்டு இராமுழுதும் அழுதிருந்தால், மறுநாள் ஷிப்டுக்குப் போகவேண்டிய தகப்பன் அடுத்த ஊசியே வேண்டாம் என்கிறான். அந்த ஜுரம் பெரும்பாலும் இரண்டொரு நாளில் தணியும் என்று அவர்கள் பாஷையில் சொல்ல ஆளில்லை.

தவணை தப்பினால் ஆதியிலிருந்து தொடங்கவேண்டுமென்பது தவறு. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரசு நிலையங்களில் ஊசி இலவசம். லேசான சளி தடையல்ல.

நம்மில் மேஸ்திரிகளும், சூப்பர்வைசர்களும், வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் பலர். உங்களிடம் வேலைசெய்யும், குடியிருக்கும் கைக்குழந்தைக்காரியிடம் அட்டை எங்கேயென்று இந்த வாரமே கேளுங்கள்; கிடைத்தால் போனில் படமெடுத்து வையுங்கள். நம் ஜில்லாவில் ஊசி போடும் நாள் புதன்கிழமை. அன்று காலை அரை நாள் அவளைக் கூலி பிடிக்காமல் அனுப்பிவையுங்கள்.