குளக்கரையில் உலாவும் நாம்



மாலையில் காற்று வாங்க உக்கடம் பெரியகுளத்துக்கும் வாலாங்குளத்துக்கும் உங்களில் பலர் குடும்பத்தோடு போகிறீர்கள். நல்லது, நானும் போவதுண்டு. நம் நகரம் 2016-ல் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சேர்ந்த பிறகு, குளக்கரைகள் நடைபாதையும் விளக்குகளும் பெற்றுப் பூங்காக்களாயின.

அங்கே முன்பு குடியிருந்த ஜனங்கள் எங்கே? வாலாங்குளம், முத்தண்ணன்குளம் முதலிய கரைகளில் பல ஆண்டுகளாய் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் மலுமிச்சம்பட்டி, கீரணத்தம் போன்ற இடங்களிலுள்ள அடுக்கு வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. நீர்நிலையில் வீடு கட்டுவது சட்டப்படி சரியல்ல. மழைவெள்ளத்தில் முதலில் தவித்தவர்களும் அவர்களே. இப்போது கெட்டியான கூரை கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் சாக்கடை நாற்றத்தைச் சகித்து அக்கரையில் இருந்தவர்கள் அவர்கள். கரை அழகானபோது அங்கே இல்லாமற்போனவர்களும் அவர்கள்தான். பிள்ளைகளை ஒரு மாலை இங்கே அழைத்துவரப் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசந்தான். போகவர ஆகும் நேரத்தை யார் கொடுப்பார்?

"அவர்களுக்குப் பூங்கா என்பது தர்மகாரியந்தானே, சாமி?" என்பீர்கள். இல்லை. நம் பணத்தில் கொடுப்பது தர்மம். பொதுச்சொத்தில் அவரவர் பங்கை அவரவருக்குக் கொடுப்பது நீதி, அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதைப் பங்கீட்டு நீதி என்று பிரித்துக் காட்டுகிறார். நகரத்தில் வசதியுள்ளோர் பகுதி பசுமையாகவும் ஒதுக்கப்பட்டோர் பகுதி அவ்வாறின்றியும் இருப்பதை, பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' நிருபமும் சுட்டிக்காட்டியது.

அவர்கள் இங்கே வரமுடியாவிட்டால் பூங்காதான் அவர்கள் பக்கம் போகவேண்டும். இதற்குச் சட்டத்தில் வழியுண்டு. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் தானப்பத்திரம் எழுதிப் பொது உபயோகத்துக்கு விடவேண்டும். நாம் 'ரிசர்வ் சைட்' என்பது இதைத்தான். ஏழை வீட்டுப் பையன் பந்தாட வேண்டிய அந்த இடத்தில் கம்பிவேலி போட்டுக் கார் நிறுத்துகிறவர்களும் உண்டு. (நம் பங்கில் யாருமில்லை என்றே நம்புகிறேன்.) பெங்களூரில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வழக்காடியவர்கள் அந்தப் பகுதியில் குடியிருந்தவர்களே.

உங்கள் மனைப்பிரிவின் வரைபடம் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கும். எடுத்துப் பாருங்கள். பூங்கா என்று குறித்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது, அதற்குள் யார் போகலாம், யார் போகமுடியாது என்று விசாரித்து, ஞாயிறு பூசைக்குப் பின் என்னிடம் வந்து சொல்லுங்கள்.